குழாய்ச் சத்தமும் பால்டிமோர் நகரத்து வெற்றியும்

அமெரிக்காவில் மேரிலாந்து ராஜ்யத்தின் பெரிய நகரமாகிய பால்டிமோரில், 1988-ஆம் வருஷம் மே மாதம் 2-ஆம் தேதி, வேலை நாளாகிய ஒரு திங்கட்கிழமை இரவில், மெமோரியல் ஸ்டேடியம் என்ற மைதானத்துக்கு 50,402 பேர் சீட்டு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்து சேர்ந்தார்கள். ஊருக்குப் புதியவன் ஒருவன் அந்தக் கூட்டத்தையும் அதன் ஆரவாரத்தையும் கண்டிருந்தால், ஏதோ உலகக் கோப்பையைக் கைப்பற்றிய வீரர்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள் என்றே எண்ணியிருப்பான். உண்மையில், அந்த ஊர்க் குழுவாகிய ஓரியோல்ஸ் அதுவரை ஆடியிருந்தவை 24 ஆட்டங்கள். அவற்றில் தோற்றவை 23. வென்றது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏப்ரல் 4-ஆம் தேதி, பருவத்தின் முதல் நாளன்றே, சொந்த மைதானத்தில் மில்வாக்கி குழுவிடம் 12-0 என்று ஓரியோல்ஸ் தோற்றது. ஆறு தோல்விகள் ஆனதும், மானேஜர் கால் ரிப்கென் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய புதல்வர்கள் இருவர் அதே குழுவில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்குமோ என்று தோன்றுகிறது. பெரிய ஆட்டக்காரராகப் பேர் எடுத்த ஃபிராங்க் ராபின்ஸன் அந்தப் பதவிக்கு வந்தார். வந்தும் பதினைந்து ஆட்டங்கள் தொடர்ந்து போயின. பருவத்தின் தொடக்கத்திலிருந்தே தொடர்ச்சியாகத் தோற்றதில் 1904-இல் வாஷிங்டனும் 1920-இல் டெட்ராய்ட்டும் கண்டிருந்த பதின்மூன்று என்ற எல்லை எப்பொழுதோ கடந்து போயிற்று. உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் பாப் ரிவர்ஸ் என்பவர், நம் குழு ஒரு முறை வெல்லும் வரையில் ஒலிபரப்பு அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, பாட்டு ஓடும் நேரங்களில் சற்றுக் கண்ணயர்ந்துகொண்டு, 258 மணி நேரம் அங்கேயே கிடந்தார். கடைசியில் ஏப்ரல் 29-ஆம் தேதி, சிகாகோ நகரில், 9-0 என்ற கணக்கில் அந்த வெற்றி வந்தது. அதை அடுத்த இரண்டு ஆட்டங்களும் மறுபடியும் தோல்விதான். அதற்குப் பிறகு நடந்ததே நான் முதலில் சொன்ன திங்கட்கிழமைத் திருவிழா.

இதில் என்ன புதிர் என்று கேட்கலாம். புள்ளிப் பட்டியலில் வெற்றி என்றால் ஒன்றுதான். முதலிடத்தில் இருக்கும் குழுவின் வெற்றிக்கும் கடைசியிடத்தில் இருக்கும் குழுவின் வெற்றிக்கும் அங்கே பேதம் கிடையாது. இதே ஓரியோல்ஸ் ஐந்து வருஷங்களுக்கு முன், 1983-இல், 98 ஆட்டங்களில் வென்று, பின்னர் தேசத்தின் தலைமைப் பட்டத்தையும் பெற்ற குழு. அந்தத் தொண்ணூற்றெட்டில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை வெற்றிக்காக எந்த அறிவிப்பாளரும் தூக்கம் கெட்டதில்லை. பண்டம் ஒன்று, எடை ஒன்று, மனத்தின் தராசில் மட்டும் நிறை வேறாக விழுகிறது என்றால், அந்தத் தராசு எதைத்தான் நிறுக்கிறது?

பேஸ்பாலைச் சற்று விட்டுவிட்டு நம் தெருக் குழாயடிக்கு வருவோம். தினந்தோறும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிற தெருவில், தண்ணீர் வந்தது என்பதற்காக யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. குடத்தை வைப்பதும் எடுப்பதும் மூச்சு விடுவதைப் போல நடக்கும் காரியம். ஒரு நாள் வராவிட்டால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. மூன்றாம் நாள் கோபம் தணிந்து வாட்டம் வருகிறது. ஐந்தாம் நாளோ, வராது என்பதே வழக்கமாகிப் போய், அதைப் பற்றி வேடிக்கைப் பேச்சுக்கூடப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அப்படியிருக்கையில் ஆறாம் நாள் விடியற்காலையில், குழாயின் வாயிலிருந்து 'புஸ்' என்று காற்று சீறுகிற சத்தம் கேட்டால், தண்ணீர் ஒரு சொட்டும் விழுவதற்கு முன்பே தெரு முழுவதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சத்தத்தில் தாகம் தீராது. ஒரு குடமும் நிரம்பாது. ஆயினும் சந்தோஷத்தின் பெரும்பகுதி அந்தச் சத்தத்திலேயே தீர்ந்துபோகிறது என்பதும், பிறகு தண்ணீர் நிஜமாகவே கொட்டும்போது நாம் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிடுகிறோம் என்பதும் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

இந்தக் குழாயடி அனுபவத்தையே, அதைப் பற்றி ஒன்றும் அறியாமல், ஸ்விட்ஸர்லாந்து தேசத்தின் ஃபிரிபோர்க் நகரத்தில் ஒரு பரிசோதனைச் சாலையில் தம் கண்முன்னே கண்டவர் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர். நடுமூளையில் டோபமின் என்ற ரஸாயனப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சில உண்டு. மூளையின் மொத்த அணுக்களோடு ஒப்பிட்டால் அவை கைப்பிடியளவே. தலைமயிரைப் போன்ற மெல்லிய கம்பியை அந்த அணுக்களின் அருகே செலுத்தி, அவை எழுப்பும் மின்துடிப்புகளைக் குரங்குகளிடத்தில் அவர் பதிவு செய்தார். சும்மா இருக்கும்போதும் அவை விநாடிக்குச் சில தடவைகள் மெதுவாகத் துடித்துக்கொண்டுதான் இருக்கும், சொட்டும் குழாயைப் போல. எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழரசம் விழுந்தால், படபடவென்று அந்தத் துடிப்பு பெருகியது. இதில் ஆச்சரியம் இல்லை. இனிப்பை அறியும் அணு இது என்று யாரும் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் ரசம் தருவதற்குச் சற்று முன்பு ஒரு விளக்கை எரியவிட்டு, விளக்கு, பிறகு ரசம், விளக்கு, பிறகு ரசம் என்று பல நாள் பழக்கிய பின்னர், அந்த அணுக்கள் தங்கள் நடையை மாற்றிக்கொண்டன. இப்பொழுது விளக்கு எரிந்த கணத்திலேயே படபடப்பு வந்தது. ரசம் வாயில் விழும்போதோ அவை சொட்டும் குழாயின் பழைய நிதானத்திலேயே இருந்தன. ரசத்தின் இனிப்பு குறைந்துவிடவில்லை. குரங்கும் அதை ஆவலோடுதான் குடித்தது. எனவே இனிப்பை அறியும் அணு என்ற விளக்கம் இங்கே அடிபட்டுப் போகிறது. விளக்கை அறியும் அணு என்றும் சொல்ல முடியாது. பழக்கத்துக்கு முன்னே அதே விளக்கை அவை சட்டை செய்யவே இல்லை.

மூன்றாவது பரிசோதனைதான் இவற்றுள் மிகவும் அழகானது. விளக்கை எரியவிட்டார்கள், ஆனால் ரசத்தைத் தரவில்லை. ரசம் வழக்கமாக வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில், முன்னுமில்லாமல் பின்னுமில்லாமல், அணுக்கள் துடிப்பதையே நிறுத்தி மௌனமாகிவிட்டன. பிறகு மெல்ல மீண்டன. இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தக் கணத்தில் வெளியுலகில் எதுவுமே நிகழவில்லை. ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை, நாவில் சுவையும் இல்லை. ஒன்றும் நிகழாத ஒரு கணத்துக்கு ஓர் அணு பதில் சொல்கிறது என்றால், நிகழ வேண்டியது இன்னது என்றும், அது நிகழ வேண்டிய நேரம் இன்னது என்றும் குறித்துவைத்த ஒரு கணக்கு எங்கேயோ உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கணக்கோடு நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்து, மிச்சத்தையோ பற்றையோ அறிவிப்பதுதான் அந்த அணுவின் வேலையாக இருக்க வேண்டும். 1997-இல் ஷூல்ட்ஸும், கணிதத்தில் தேர்ந்த பீட்டர் தயான், ரீட் மாண்டேகு என்பவர்களும் சேர்ந்து வெளியிட்ட பிரசித்தமான கட்டுரையின் சாராம்சம் இதுவே.

இந்த மிச்சத்துக்கும் பற்றுக்கும் 'எதிர்பார்ப்புப் பிழை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிழை என்ற சொல் இங்கே குற்றத்தைக் குறிப்பதன்று. குடும்பத்துக் கணக்குப் புஸ்தகத்தில் 'மதிப்பிட்டது' என்ற பத்திக்கும் 'செலவானது' என்ற பத்திக்கும் இடையில் விழும் வித்தியாசத்தைப் போன்றது. எதிர்பார்த்ததற்கு மேல் வந்தால் மிகைப்பிழை, குறைந்தால் குறைப்பிழை, எதிர்பார்த்தபடியே வந்தால், வந்தது ஒரு ராஜ்யமே ஆனாலும், பிழை பூஜ்யம்.

டோபமினை இன்பத்தின் ரஸாயனம் என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியான பேச்சன்று. மிச்சிகன் சர்வகலாசாலையில் கென்ட் பெரிட்ஜ் என்பவர், டோபமின் அநேகமாக அற்றுப்போன எலிகளின் நாவில் சர்க்கரைக் கரைசலை விட்டுப் பார்த்தார்; அவை பழையபடியே உதட்டை நக்கிச் சுவைத்தன. தேடிப் போகும் ஊக்கம் மட்டும்தான் அவற்றினிடம் போயிருந்தது. ஆகவே டோபமினைச் சந்தோஷத்தைப் பரிமாறுகிற சமையற்காரர் என்று எண்ணாமல், வந்ததற்கும் வரவேண்டியதற்கும் வித்தியாசம் எழுதி, அடுத்த தடவைக்கான மதிப்பீட்டைத் திருத்துகிற கணக்குப்பிள்ளை என்று எண்ணுவதே பொருத்தம்.

கணக்குப்பிள்ளை எப்படித் திருத்துகிறார்? ஒவ்வொரு தடவையும் நேர்ந்த வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்துப் பழைய மதிப்பீட்டில் சேர்ப்பார் அல்லது கழிப்பார் என்று, ஷூல்ட்ஸின் குரங்குகளுக்கு வெகு காலம் முன்னரே, 1972-இல், ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிறு பங்கு பத்தில் ஒன்று என்று நம் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டு, பால்டிமோர் அபிமானி ஒருவரின் மனக்கணக்கை எழுதிப் பார்க்கலாம். பருவம் தொடங்கும்போது, நம் குழு சுமாரான குழு, நூற்றுக்கு நாற்பது வெல்லும் என்று அவர் எண்ணுகிறார். முதல் தோல்வியில் அவருக்கு நஷ்டம் நாற்பது. எதிர்பார்ப்பு முப்பத்தாறாக இறங்குகிறது. இரண்டாவது தோல்வியில் நஷ்டம் முப்பத்தாறுதான். பத்துத் தோல்விகள் ஆனபோது எதிர்பார்ப்பு பதினான்குக்கு வந்துவிடுகிறது. இருபத்தோராவது தோல்வியில் அவர் இழப்பது ஐந்துகூட இல்லை. அதன் பின் எஞ்சும் எதிர்பார்ப்பு நான்கு, அதற்கு மேல் கொசுறு. தோல்வி நீள நீள அபிமானிகள் அழுவதை விட்டுச் சிரிக்கத் தொடங்குவதற்கும், ஐந்தாம் நாள் குழாயடியில் வேடிக்கைப் பேச்சு கிளம்புவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இழக்க ஒன்றும் மிச்சமில்லாதவனின் சிரிப்பு அது.

இந்த நிலையில், நூறு என்ற ஒரு முழு வெற்றி வந்து விழுகிறது. நான்கை எதிர்பார்த்தவருக்கு நூறு, மிகைப்பிழை தொண்ணூற்றாறு. 1983-இல் 162-க்கு 98 வென்ற குழுவின் அபிமானியோ நூற்றுக்கு அறுபதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒவ்வொரு வெற்றியும் தந்தது நாற்பதுதான், ஒவ்வொரு தோல்வியும் பறித்துக்கொண்டதோ அறுபது! வெற்றிவீரனின் பக்கத்தில் நிற்பவன் கொஞ்சம் பெற்று நிறைய இழக்கிறான். தோற்றுக்கொண்டேயிருப்பவனின் பக்கத்தில் நிற்பவன் சல்லிக்காசு இழந்து புதையல் பெறுகிறான். தராசு நிறுத்தது வெற்றியை அல்ல, வித்தியாசத்தை.

குரங்கின் மூளையிலிருந்து மைதானத்து மனிதனின் மனத்துக்கு இப்படித் தாவுவது நியாயமா என்ற கேள்வி எழும், எழவும் வேண்டும். ஐம்பதாயிரம் அபிமானிகளின் தலைக்குள் கம்பி செலுத்த முடியாது. ஆனால் மனிதர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். லண்டன் நகரத்தில் ராப் ரட்லெட்ஜ் என்பவரும் அவருடைய சகாக்களும், 26 பேரை அழைத்துச் சின்னச் சின்னப் பந்தயங்களை ஆடச் செய்து, சில பந்தயங்களுக்கு ஒரு தடவை, 'இந்தக் கணத்தில் நீர் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்?' என்று கேட்டு வந்தார்கள். பிறகு அதே ஆட்டத்தைக் கைப்பேசியில் அமைத்து, 18,420 பேரிடம் கேட்டார்கள். 2014-இல் வெளிவந்த முடிவு இதுதான்: மொத்தத்தில் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்பது அந்தக் கணத்துச் சந்தோஷத்தை நிர்ணயிக்கவில்லை, எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்ததா என்பதே நிர்ணயித்தது. அந்தச் சந்தோஷமும் சில பந்தயங்களுக்குள் தேய்ந்து மறைந்தது. இத்துடன், நல்ல எதிர்பார்ப்பு தானும் ஒரு சிறு சந்தோஷம் என்றும் அவர்கள் கண்டார்கள். ஆகவே, எதையும் எதிர்பார்க்காமல் இருந்துவிட்டால் எப்போதும் லாபந்தானே என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் அந்தச் சிறு தொகையை நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட ஸ்வாரஸ்யமாகப் படுவதைச் சொல்கிறேன். கணக்குப்பிள்ளை அந்த ஏப்ரல் மாதத்தில் எழுதிய கணக்கு தப்புக் கணக்கு!

சிகாகோ வெற்றியையும் சேர்த்து, அதிலிருந்து அந்தப் பருவம் முடியும் வரையில் ஓரியோல்ஸ் 140 ஆட்டங்கள் ஆடியது. 54 வென்று 86 தோற்றது. நூற்றுக்கு ஏறக்குறைய முப்பத்தொன்பது. மோசமான குழுதான், ஆனால் நூற்றுக்கு நான்கு வெல்லும் குழு அல்ல. பேஸ்பாலில் அப்படி ஒரு குழு இருக்கவும் முடியாது. 162 ஆட்டங்களில் முதலிடத்துக்காரரே பெரும்பாலும் அறுபதுக்கு மேல் தோற்பதும், கடைசியிடத்துக்காரரே பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல் வெல்வதும் அந்த விளையாட்டின் சுபாவம். உருண்டையான பந்தை உருளைக் கட்டையால் அடிக்கிற ஆட்டத்தில், ஒரு விரற்கடை மேலே பட்டால் தரையிலும், கீழே பட்டால் ஆகாயத்திலும் பந்து போகிறபடியால், சாமர்த்தியத்தோடு அதிர்ஷ்டமும் ஒவ்வொரு நாளும் மைதானத்தில் இறங்குகிறது.

ஒரு பையில் முப்பத்தொன்பது வெள்ளைக் கொட்டைகளும் அறுபத்தொரு கறுப்புக் கொட்டைகளும் போட்டு, குலுக்கி ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, மறுபடியும் குலுக்கி எடுத்துக்கொண்டே போனால், முதல் இருபத்தொன்றும் கறுப்பாகவே வருவதற்கு வாய்ப்பு சுமார் 32,000-இல் ஒன்று. ஏப்ரலில் அந்தக் குழு பிற்பாடு இருந்ததைவிடச் சற்றுப் பலஹீனமாகவே இருந்திருக்கலாம். அப்படிக் கொண்டால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். எப்படியும், பலஹீனத்தின் மேல் துரதிருஷ்டம் ஏறி உட்கார்ந்த கதைதான் அது. குழுக்கள் பல, வருஷங்கள் பல ஆகையால், எங்கேயாவது எப்பொழுதாவது யாருக்காவது இந்தக் கறுப்பு வரிசை விழுந்தே தீரும். 1961-இல் ஃபிலடெல்ஃபியா குழுவுக்கு இருபத்து மூன்று விழுந்தது. அந்த வரிசைக்கு முந்தின வெற்றியில் பந்து வீசி ஜயித்த ஜான் புஸார்ட் என்பவரே வரிசையை முடித்த வெற்றியிலும் பந்து வீசி ஜயித்தார். 2024-இல் சிகாகோ ஒயிட் ஸாக்ஸ் குழுவுக்கு இருபத்தொன்று விழுந்து, ஆகஸ்டு 6-ஆம் தேதி ஓக்லண்டில் 5-1 என்று முடிந்தது.

பையில் உள்ள கொட்டைகளை எண்ணிப் பார்க்கும் கணித சாஸ்திரி ஒருவர் அபிமானியாக இருந்திருந்தால், இருபத்தொரு தோல்விகளுக்குப் பின்னும், 'நாளைக்கு நூற்றுக்கு முப்பத்தொன்பது' என்றே சொல்லியிருப்பார். வெற்றி வந்த அன்று அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகைப்பிழை அறுபத்தொன்றுதான். மற்றவர்களுக்கோ தொண்ணூற்றாறு. நடுவிலுள்ள முப்பத்தைந்தும், தற்செயலைச் சுபாவம் என்று மயங்கியதற்காக மனம் அவர்களுக்கு அளித்த உபரி லாபம். இந்த மயக்கத்தை மடமை என்று நான் சொல்ல மாட்டேன். கிணறு வற்றுவதும், கடைக்காரர் நாணயம் மாறுவதும், நண்பர் மனம் திரும்புவதும் நிஜமாகவே நடக்கிற உலகத்தில், அண்மையில் நடந்ததை நம்பி மதிப்பீட்டைத் திருத்துகிற கணக்குப்பிள்ளைதான் பிழைத்திருக்கத் தகுந்தவர். அவரைக் கொண்டுபோய்க் கொட்டைப் பையின் முன்னால் உட்கார வைத்தது விளையாட்டின் குறும்பு.

ஆனால் ஒரு விஷயம் இந்தக் கணக்கில் அடங்காது. எதிர்பார்ப்பு நான்குக்கு இறங்கிய பின்னும் அவர்கள் ஏன் கலைந்து போகவில்லை? 1970-களில் ராபர்ட் சியால்டினி என்ற சமூக உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும், அமெரிக்கக் கால்பந்தில் தம் சர்வகலாசாலை வென்ற வாரத்துத் திங்கட்கிழமைகளில் அதன் சின்னம் பொறித்த சட்டைகளை மாணவர்கள் அதிகமாக அணிவதையும், வென்றால் 'நாம் வென்றோம்' என்றும், தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்' என்றும் பேசுவதையும் எண்ணிக் காட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மனித சுபாவம்தான். அதை எண்ணிக் காட்டியதுதான் விசேஷம். ஆயின், குழுவைத் தம்மில் ஒரு பகுதியாகவே கொண்டுவிட்ட அபிமானிகள் இந்த விதிக்கு உட்படுவதில்லை என்று 1990-இல் டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள். சொந்தக்காரன் நொடித்துப் போனான் என்பதற்காக உறவை அறுத்துக்கொள்ள முடியாதவர்கள் அவர்கள். மெமோரியல் ஸ்டேடியத்துக்கு அன்று வந்தவர்களில் அத்தகையோர் எத்தனை பேர், வேடிக்கை பார்க்க வந்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

அன்றிரவு டெக்ஸாஸ் குழுவை 9-4 என்று ஓரியோல்ஸ் வென்றது. பருவத்தின் முடிவில் அதன் கணக்கு 54 வெற்றி, 107 தோல்வி. அடுத்த வருஷம், 1989-இல், ஏறக்குறைய இளைஞர்களே நிறைந்த அதே குழு 87 ஆட்டங்களில் வென்றது. பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு, முதலிடத்திலிருந்த டொராண்டோவுக்கு ஓர் ஆட்டமே பின்தங்கியதாய், அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை 2-1 என்றும், சனிக்கிழமை 4-3 என்றும் தோற்று, இரண்டாம் இடத்தோடு ஊர் திரும்பியது.